வேகம் கூடினால் புள்ளி கூடும், திறன் கூடுமா?

1990–91 சீசனில் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்த அணி டென்வர் நக்கெட்ஸ். சராசரி 119.9. அதே சீசனில் லீகிலேயே மோசமான வெற்றிக் கணக்கும் அந்த அணியுடையதுதான்: 82 ஆட்டங்களில் 20 வெற்றி, 62 தோல்வி. பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட். முந்தைய ஆண்டு லயோலா மேரிமவுண்ட் கல்லூரி அணியை ஆட்டத்துக்கு 122.4 புள்ளி எடுக்க வைத்துக் கல்லூரிக் கூடைப்பந்தையே மிரள வைத்தவர். பந்து கைக்கு வந்த சில நொடிகளில் ஷாட், உடனே எதிரணியை நெருக்கிப் பந்தைத் திரும்பப் பெற முயற்சி, மறுபடி ஓட்டம் என்ற அதே சூத்திரத்தை டென்வருக்கும் கொண்டுவந்தார். எதிரணிகள் ஆட்டத்துக்கு 130.8 புள்ளி எடுத்தன. 1990 நவம்பர் 10 அன்று ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி முதல் பாதியிலேயே 107 புள்ளி குவித்து, கடைசியில் 173–143 என்று வென்றது.

பதினான்கு சீசன் கழித்து, 2004–05இல், அந்த ஃபீனிக்ஸ் அணியே வேகத்தின் மறுபெயரானது. மைக் டி'ஆன்டோனி பயிற்சியாளர், ஸ்டீவ் நாஷ் பந்தை நடத்துபவர். ஆட்டத்துக்கு 110.4 புள்ளி, 62 வெற்றி, 20 தோல்வி. ஏழு நொடிகளுக்குள் ஷாட் என்பது அந்த அணியின் அடையாளமாகி, புத்தகத் தலைப்பாகவும் ஆனது.

இரண்டு அணிகளும் தத்தம் சீசனில் லீகிலேயே வேகமானவை. லீக் சராசரியை விட டென்வர் எடுத்தது 13.6 புள்ளி அதிகம். ஃபீனிக்ஸ் எடுத்தது 13.2 அதிகம். புள்ளிக் கணக்கில் இரட்டைப் பிள்ளைகள் போல நிற்கும் இந்த இரண்டு அணிகளில் ஒன்று கடைசி இடத்திலும் மற்றது முதல் இடத்திலும் முடித்தது எப்படி? வேகமாக ஆடினால் புள்ளி கூடும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தாக்குதலின் தரம் கூடுமா என்பதே கேள்வி. அதற்குப் பதில் தேட, புள்ளியை விட நுட்பமான ஓர் அளவுகோல் வேண்டும்.

எதை வைத்து அளப்பது

பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும் வரை ஒரு தாக்குதல் என்று கொள்வோம். கூடை விழலாம், தவறிய பந்தை எதிரணி பிடிக்கலாம், பந்து பறிபோகலாம்; எப்படி முடிந்தாலும் ஒன்றுதான். தவறிய ஷாட்டைத் தாக்கும் அணியே பிடித்துவிட்டால் (இதுவே தாக்குதல் ரீபவுண்ட்) அதே தாக்குதல் தொடர்கிறது. 48 நிமிடத்தில் ஓர் அணிக்கு இப்படி எத்தனை தாக்குதல் கிடைக்கிறது என்பது வேகம். நூறு தாக்குதலுக்கு எத்தனை புள்ளி என்பது திறன். ஷாட் முயற்சி, ஃப்ரீ த்ரோ, பறிகொடுத்த பந்து, தாக்குதல் ரீபவுண்ட் ஆகிய நான்கையும் வைத்துத் தாக்குதல் எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிடலாம். டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட ‘பாஸ்கட்பால் ஆன் பேப்பர்’ என்ற நூலுக்குப் பிறகு இந்தக் கணக்கு அணி நிர்வாகங்களிலும் விமர்சகர்களிடமும் பரவலானது.

இந்த வரையறையிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தாக்குதல் மாறி மாறி வருவதால், ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான் கிடைக்கும். நான் வேகமாக ஆடி எனக்குப் பத்து வாய்ப்பைக் கூட்டிக்கொண்டால் எதிரணிக்கும் பத்து கூடுகிறது. கடையில் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடுவது வேறு, ஒவ்வொரு விற்பனையிலும் லாபம் கூடுவது வேறு. ஒவ்வொரு விற்பனையிலும் நட்டம் என்றால் கூட்டம் கூடக் கூட நட்டமும் கூடும்.

இப்போது அந்த இரண்டு அணிகளையும் பிரித்துப் பார்க்கலாம். 1990–91இல் லீகின் சராசரி வேகம் 97.8 தாக்குதல், டென்வருடையது 113.7. லீக் சராசரித் திறனோடு டென்வரின் வேகத்தில் ஆடிய ஓர் அணி 123 புள்ளிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். அதாவது வேகம் கொடுத்தது 17 புள்ளி. திறன் குறைவால் இழந்தது ஏறக்குறைய 4 புள்ளி. ‘அதிகப் புள்ளி எடுத்த அணி’ உண்மையில் சராசரிக்கும் கீழான தாக்குதல் அணி. 2004–05 ஃபீனிக்ஸின் கதை வேறு. லீக் வேகம் 90.9, ஃபீனிக்ஸ் 95.9. சராசரியை மிஞ்சிய 13 புள்ளியில் வேகம் தந்தது 5 மட்டுமே. மீதி 8 திறன் தந்தது. வேகத்துக்குப் பேர்போன அணியின் மிகுதியில் பெரும்பங்கு வேகத்தால் வந்ததல்ல.

எழுபது ஆண்டுப் போக்கு

வேகத்தை விதியாகவே எழுதிய லீக் என்பிஏ. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. லேக்கர்ஸின் உயரமான ஜார்ஜ் மைக்கனை எதிர்த்து மோதுவதை விட, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதே மேல் என்று பிஸ்டன்ஸ் முடிவு செய்தது. இப்படிப் போனால் பார்க்க ஆள் வரமாட்டார்கள் என்று அஞ்சிய லீக் 1954–55இல், ஷாட் எறிய நேர வரம்பு வைக்கும் ஷாட் கிளாக்கைக் கொண்டுவந்தது. சிரக்யூஸ் நேஷனல்ஸ் உரிமையாளர் டேனி பயாசோன் போட்ட கணக்கு எளிது: விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளுமாகச் சேர்ந்து 120 ஷாட் எறிகின்றன, 48 நிமிடம் என்பது 2,880 நொடி, வகுத்தால் ஒரு ஷாட்டுக்கு 24 நொடி. அந்த ஒரே ஆண்டில் அணியின் சராசரி 79.5 புள்ளியிலிருந்து 93.1க்கு ஏறியது.

அடுத்த எட்டு ஆண்டுகளில் வேகம் உச்சத்துக்குப் போனது. வில்ட் சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த 1961–62 சீசனில் ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 107க்கு மேற்பட்ட ஷாட் எறிந்து 118.8 புள்ளி எடுத்தது. ஷாட்டுகளில் கூடையானவை 42.6 சதவீதம் மட்டுமே. 2023–24இல் ஓர் அணி எறிந்தது 89 ஷாட், எடுத்தது 114.2 புள்ளி. ஏறத்தாழ இருபது ஷாட் குறைவு, புள்ளியில் ஐந்துகூடக் குறையவில்லை. அந்தக் காலத்தில் தாக்குதல் ரீபவுண்டும் பறிகொடுத்த பந்தும் முறையாகப் பதிவாகாததால் அன்றைய வேகத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்று புள்ளியைத் தந்தது எண்ணிக்கை, இன்று தருவது தரம் என்பது ஷாட் கணக்கிலேயே தெரிகிறது.

நடுவில் ஒரு பெரும் சரிவும் உண்டு. கையால் தடுத்து நிறுத்தும் தடுப்பாட்டம், ஒரே வீரர் பந்தை வைத்துக்கொண்டு தனியாக மோதும் பாணி எனத் தொண்ணூறுகளில் ஆட்டம் இறுகியது. ஊதியத் தகராறால் 50 ஆட்டமாகச் சுருங்கிய 1998–99 சீசனில் வேகம் 88.9, புள்ளி 91.6. பிறகு லீக் விதிகளைத் திருத்தியது: 2001–02இல், ஆளை விட்டு இடத்தைக் காக்கும் பகுதித் தடுப்பாட்டத்தை அனுமதித்து, களத்தின் பாதியைக் கடக்கும் நேரத்தைப் பத்து நொடியிலிருந்து எட்டாகக் குறைத்தது. 2004–05இல் பந்து வைத்திருப்பவரைக் கையால் பிடித்துத் தடுப்பதைக் கடுமையாகத் தண்டித்தது. 2018–19இல் தாக்குதல் ரீபவுண்டுக்குப் பின் 24 நொடிக்குப் பதில் 14 நொடியே தந்தது. அந்த சீசனில் வேகம் 100, புள்ளி 111.2.

இருபது ஆண்டில் ஏறிய இந்த 20 புள்ளியைப் பிரித்தால், வேகத்தின் பங்கு சுமார் 11. திறனின் பங்கு சுமார் 8. அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 2018–19க்கும் 2023–24க்கும் இடையே வேகம் 98.5க்கு இறங்கியது; புள்ளியோ 111.2லிருந்து 114.2க்கு ஏறியது. வேகமும் திறனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறுபவை என்ற எண்ணம் இங்கே உடைகிறது. மூன்று புள்ளி ஷாட்டின் பெருக்கம், களத்தை விரித்து ஆடும் அமைப்பு, நடுத்தூர ஷாட்டைக் கைவிட்டது ஆகியவை வேகம் குறைந்த பின்னும் திறனை ஏற்றிக்கொண்டே இருந்தன.

வேகம் எங்கே பலன் தருகிறது

வேகம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தாக்குதலின் முதல் சில நொடிகள்தான் அதன் மிகச் செழிப்பான நேரம். எதிரணியின் ஐந்து பேரும் தத்தம் இடத்துக்கு வந்து நிற்கும் முன், வளையத்தடியில் காவலில்லாத நேரத்தில் கிடைக்கும் லே-அப்பும், மூலையில் ஆளில்லாமல் கிடைக்கும் மூன்று புள்ளி ஷாட்டும் கூடைப்பந்தின் சிறந்த ஷாட்டுகள். மறுமுனையில், 24 நொடி முடியப் போகும்போது எறியும் ஷாட்டுகள் மிக மோசமானவை. நேரம் தீரப்போகிறது என்பதால் எதையாவது எறிந்துதான் ஆக வேண்டும்.

அதனால் ஷாட் கிளாக்கின் ஒவ்வொரு நொடியிலும் தாக்கும் அணி ஒரு பேரம் பேசுகிறது: இப்போது கிடைக்கும் ஷாட்டை எடுப்பதா, இதைவிட நல்லது வரும் என்று காப்பதா? இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணித மாதிரியாக்கியது. நேரம் அதிகம் மிச்சமிருக்கும்போது அணி தரத்தில் கறாராக இருக்க வேண்டும். நேரம் குறையக் குறைய அந்தக் கறாரைத் தளர்த்த வேண்டும். என்பிஏ அணிகளின் தரவோடு ஒப்பிட்டபோது, தொடக்க நொடிகளில் எறிய அவை தேவைக்கு மேல் தயங்குகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். டி'ஆன்டோனி களத்தில் சொன்னதைக் கணிதமும் ஓரளவு ஒப்புக்கொள்கிறது.

ஆனால் ஆரம்ப ஷாட் நல்ல ஷாட் என்பதிலிருந்து, எல்லாத் தாக்குதலையும் ஆரம்பத்திலேயே முடித்தால் எல்லாமே நல்லதாகிவிடும் என்று முடிவுகட்டுவது பிழை. முன்னதாக எறிந்த ஷாட்டுகள் பெரும்பாலும் எதிரணி நிலைகுலைந்திருந்ததால் எறியப்பட்டவை. பந்தைப் பறித்த கையோடு ஓடுவது மிகச் செழிப்பானது. எதிரணியின் தவறிய ஷாட்டைப் பிடித்து ஓடுவது அதற்கு அடுத்தது. எதிரணி கூடை போட்ட பின் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்டுத் தொடங்குவது கடைசி. மூன்றாவது நிலையிலும் முதல் நிலையின் அவசரத்தோடு எறிந்தால், கிடைப்பது வாய்ப்பில்லாத இடத்திலிருந்து ஒரு ஷாட்தான். 1990–91 டென்வரில் மைக்கேல் ஆடம்ஸ் ஆட்டத்துக்கு 26.5 புள்ளி எடுத்தார். எட்டுக்கும் மேற்பட்ட மூன்று புள்ளி ஷாட்டுகளை எறிந்தார். அவற்றில் கூடையானவை 30 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதைப் போன்ற வேகம் நல்ல கைகளில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் டென்வரே சான்று. டக் மோ பயிற்றுவித்த 1981–82 நக்கெட்ஸ் ஆட்டத்துக்கு 126.5 புள்ளி எடுத்தது, எல்லா 82 ஆட்டங்களிலும் 100ஐத் தொட்டது. அலெக்ஸ் இங்கிலிஷ், டான் இஸ்ஸல், கிகி வான்டவே மூவரும் 20க்கு மேல் சராசரி வைத்திருந்தனர். விட்டுக்கொடுத்தது 126.0, வென்றது 46. ஊரும் ஒன்று, கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம் என்ற சாதகமும் ஒன்று. வேறுபட்டது எறிந்தவர்களின் கை.

ஃபீனிக்ஸும் அப்படித்தான். 2004–05இல் அது போட்ட 796 மூன்று புள்ளிக் கூடைகள் அன்றைக்கு லீக் சாதனை. ஷான் மேரியனை வழக்கத்தை விட உள்ளே தள்ளி, அமாரே ஸ்டூடமையரை நடு வீரராக்கி, மற்ற இடங்களில் தூரத்திலிருந்து எறிபவர்களை நிறுத்தியதால் களம் விரிந்தது. அந்த விரிவில்தான் நாஷின் வேகத்துக்கு விலை கிடைத்தது.

ஒரே பயிற்சியாளர், மூன்று விடைகள்

டி'ஆன்டோனியின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்கு ஒரு சோதனைச் சாலை. ஃபீனிக்ஸில் வேகமும் உச்சம், திறனும் உச்சம். 2013–14இல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அவர் கையில் லீகின் வேகமான அணிகளில் ஒன்றாக இருந்தது. நட்சத்திரங்கள் காயத்தில் படுக்க, திறன் சராசரிக்குக் கீழே போனது. 27 வெற்றி, 55 தோல்வி. 2018–19இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸில் அவர் தலைகீழாக மாறினார். ஜேம்ஸ் ஹார்டன் பந்தை வைத்துக்கொண்டு ஒற்றைக்கு ஒற்றை மோத, அணி லீகின் மெதுவான அணிகளில் ஒன்றானது. ஹார்டன் எடுத்தது ஆட்டத்துக்கு 36.1 புள்ளி, அணி எறிந்தது 45க்கு மேற்பட்ட மூன்று புள்ளி ஷாட். திறனில் லீகில் இரண்டாம் இடம். வேகத்தின் தூதர் என்று பெயரெடுத்தவரே, கையிலிருக்கும் ஆளைப் பார்த்து வேகத்தை விட்டுக்கொடுத்தார். மூன்று அணிகளிலும் அவர் விடாமல் வைத்திருந்தது விரிந்த களத்தையும் மூன்று புள்ளிக் கோட்டையும்தான்.

ஒரே சீசனை எடுத்துக்கொண்டாலும் இதே காட்சிதான். 2023–24இல் வேகத்தில் முதலிடம் வாஷிங்டன் விசர்ட்ஸ். புள்ளி லீக் சராசரிக்கும் சற்றுக் கீழே, 15 வெற்றி, 67 தோல்வி. ஏறத்தாழ அதே வேகத்தில் ஆடிய இண்டியானா பேசர்ஸ் 123.3 புள்ளியோடு முதலிடமும் திறனில் இரண்டாம் இடமும் பெற்றது. திறனில் முதலிடம் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு. அதுவரை என்பிஏ கண்டிராத அளவு. அந்த அணியின் வேகம் லீகின் நடுப்பகுதிக்கும் கீழே. ஆட்டத்துக்கு 42 மூன்று புள்ளி ஷாட் எறிந்து 39 சதவீதத்தைக் கூடையாக்கிய அணிக்கு ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. 64 ஆட்டங்களை வென்று பட்டத்தையும் எடுத்தது.

காரணமும் விளைவும்

வேகமான அணி திறமையாக ஆடினால், வேகத்தால்தான் திறன் வந்தது என்று சொல்லிவிடலாமா? இங்கே இரண்டு இடறல்கள் உண்டு.

முதலாவது, நல்ல தடுப்பாட்டமே வேகத்தைப் பிறப்பிக்கும். எதிரணியைத் தவறவிட வைத்து, பந்தைப் பறித்தால் ஓட்டம் தானாக வரும். 2014–15 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வேகத்தில் முதல், தடுப்பாட்டத்திலும் முதல், தாக்குதல் திறனில் இரண்டாம் இடம், 67 வெற்றி. அங்கே வேகம், திறன் இரண்டுக்கும் பின்னால் தடுப்பாட்டம் என்ற மூன்றாவது காரணம் நிற்கிறது. எதிரணி கூடை போட்டுக்கொண்டே இருந்தால் யாரும் ஓட முடியாது.

இரண்டாவது, வேகம் என்ற எண் இரு அணிகளின் நேரத்தையும் கலந்தது. தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்தால் எதிரணி எட்டு நொடியில் லே-அப் போட்டுவிட்டுப் போகும். அதனாலும் நம் ‘வேகம்’ கூடும். ஆகவே ஓர் அணி தன் தாக்குதலை எத்தனை நொடியில் முடிக்கிறது, எதிரணியை எத்தனை நொடி உழைக்க வைக்கிறது என்று தனித்தனியே பார்க்காமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இந்த எண்களின் அளவையும் நினைவில் வைக்க வேண்டும். 88.9 தாக்குதல் வேகத்தில் ஒரு தாக்குதலின் சராசரி நீளம் 16.2 நொடி, 100 தாக்குதல் வேகத்தில் 14.4 நொடி. 1998–99இன் மந்தமான சீசனுக்கும் நவீன வேகத்துக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு நொடிகூட இல்லை. எதிரணியை நிலைகுலைக்கும் தாக்குதல்களின் விகிதம் கொஞ்சம் கூடுவதும், பந்தை மெல்ல நடத்திக் கொண்டுவரும் பழக்கம் ஒழிவதுமே இந்த வித்தியாசத்தை உண்டாக்கப் போதும்.

வேகத்தின் விலை

ஓட்டத்துக்குக் கூலி உண்டு. அவசரப் பாஸ் பறிபோனால் எதிரணிக்குக் கிடைப்பது அதே செழிப்பான ஓட்டம். அதனால் வேகமான அணிக்குப் பந்தைக் கைவிடாத நடத்துநர் கட்டாயம். இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போன்றவர் அதனால்தான் அரிய சொத்து. அவர் தலைமையில் 2025இல் அந்த அணி இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை போனது. வேகத்துக்குப் பெஞ்சில் ஆள் பலமும் வேண்டும். முக்கிய வீரர்கள் களைத்தால் முதலில் தளர்வது தடுப்பாட்டத்துக்குத் திரும்பும் கால்கள். வளையத்தடியில் ரீபவுண்டுக்கு நிற்பதா, பின்னால் ஓடுவதா என்ற தேர்வும் இருக்கிறது. எதிரணியின் ஓட்டத்துக்கு அஞ்சிய லீக், ஒரு காலத்தில் தவறிய ஷாட்டுகளில் மூன்றில் ஒன்றைத் திரும்பப் பிடித்த நிலையிலிருந்து, 2010களின் கடைசியில் நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று வந்தால் வேகம் பொதுவாகக் குறைகிறது. ஒவ்வொரு எதிரணியும் பின்னோடுவதில் ஒழுங்கு காட்டும்போது இலவச ஓட்டம் சுருங்குகிறது. 2005இல் ஃபீனிக்ஸை மேற்குப் பிரிவு இறுதியில் சான் அன்டோனியோ 4–1 என்று வீழ்த்தியதை வேகத்தின் தோல்வி என்று பலர் எழுதினார்கள். உண்மையில் அந்த அணியின் தாக்குதல் பிளேஆஃபிலும் சிறப்பாகவே இருந்தது. நடுத்தரத் தடுப்பாட்டம்தான் கைவிட்டது.

மெதுவாக ஆடுவதற்கும் தன் நியாயம் உண்டு, அது தற்செயலைப் பற்றியது. தாக்குதல் எண்ணிக்கை நான்கு மடங்கானால் இரு அணிகளின் வலிமை வித்தியாசம் நான்கு மடங்காகத் தெரியும். தற்செயலின் ஏற்ற இறக்கமோ இரண்டு மடங்குதான் கூடும். ஆகவே எண்ணிக்கை குறைந்தால் பலவீனமான அணிக்கு வாய்ப்பு. 1996இல் பீட் கரிலின் பிரின்ஸ்டன் கல்லூரி, நடப்புச் சாம்பியன் யுசிஎல்ஏவை 43–41 என்று வென்றது இந்த வழியில்தான். வலிமையான அணி மெதுவாக ஆடினால் அதே கத்தி திரும்பவும் கூடும்: டோனி பென்னட்டின் வர்ஜீனியா 2018இல், ஆண்கள் கல்லூரித் தொடரில் பதினாறாம் தரவரிசை அணியிடம் தோற்ற முதல் ஒன்றாம் தரவரிசை அணி ஆனது. அடுத்த ஆண்டு அதே மந்த ஆட்டத்தோடு, நாட்டின் முன்னணித் தாக்குதல் திறனையும் காட்டிப் பட்டம் வென்றது.

முடிவாகச் சொல்வது

வேகம் ஒரு பெருக்கி. அணியின் திறனை அது அப்படியே பெருக்குகிறது. திறனை உருவாக்குவது, எதிரணி நிலைகொள்ளும் முன் கிடைக்கும் வாய்ப்பை அடையாளம் காணும் கண்ணும், அதைக் கூடையாக்கும் கையும், தவறினால் திரும்பி ஓடும் காலும். ஓட வாய்த்தபோது ஓடி, வாய்க்காதபோது நின்று நல்ல ஷாட்டுக்குக் காத்திருக்கும் அணி சராசரியாக எந்த வேகத்தில் வந்து நின்றாலும் அதுவே அதற்குச் சரியான வேகம்.

‘இனி வேகமாக ஆடுவோம்’ என்று அறிவிக்கும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, தாக்குதலையும் தடுப்பாட்டத்தையும் சேர்த்து, நூறு தாக்குதலுக்கு அவருடைய அணி எதிரணியை விட மேலா கீழா என்பதைத்தான். மேலென்றால் தாராளமாக ஓடட்டும், ஓட ஓட அந்த மேன்மை வெற்றியாகத் திரளும். கீழென்றால், புள்ளிப் பலகையில் எண் ஏறுவதைப் பார்த்து ரசிகர்கள் கைதட்டலாம், தோல்வியின் வித்தியாசமும் கூடவே ஏறும்.